கொழும்பில் வாடகைக்கு வீடு எடுப்பது எப்படி: ஆனையிறவாருக்கு ஒரு கைநூல்

ஆனையிறவில் ஏ9 வீதியோரம் ஒரு நினைவுத்தூபி நிற்கிறது. இலங்கைத் தீவின் உருவத்தைக் கைகள் ஏந்திப் பிடித்திருக்கும். கொழும்பில் வீடு தேடப் புறப்படுகிறவர்கள் பஸ் வருவதற்குள் அதை ஆற அமரப் பார்த்துக்கொள்ளுங்கள். முழுத் தீவும் ஒரு சதம் முற்பணம் கேளாமல் உங்கள் முன்னால் நிற்பது அந்த ஓரிடத்தில்தான்.

இப்படியொரு கைநூல் எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். 2002இல் ஏ9 திறந்தது. அதற்கடுத்த வருசம் நான் கொழும்புக்கு வந்தேன். இன்றுவரை பதினொரு வீடு. நாலு வீட்டை நானாக விட்டேன், ஆறு என்னை விட்டன, இப்போது இருப்பது மிச்ச ஒன்று. இப்போது என் மருமகனுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்கு ரெலிபோனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வரண்டதால்தான் இதை எழுதிவைக்கிறேன். மற்றவர்களும் பயன்படுத்தலாம். பலிக்கவில்லை என்றால் என்னைத் தேடி வரவேண்டாம். நான் அப்போது வேறு முகவரியில் இருப்பேன்.

புறப்படுமுன்: ஆனைகளிடம் படிக்கவேண்டியது

இந்த வழியால் பிழைக்கப் போனவர்களில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகளை ஆனையிறவுக் களப்பின் ஆழமில்லாத இடத்தால் இறக்கித்தான் குடாநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஊரின் பெயரே அப்படி வந்தது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் விற்பனை, ஊர்காவற்றுறையில் கப்பல், பிறகு இந்தியா. ஊர்காவற்றுறையை இங்கிலீசில் கைற்ஸ் என்று சொல்வதுகூட ஆனை ஏற்றிய துறை என்ற போர்த்துக்கேயச் சொல்லின் மிச்சம் என்று சொல்வதுண்டு.

அந்த ஆனைகளுக்கு முற்பணம் இல்லை, புரோக்கர் இல்லை, கரண்ட் பில் இல்லை. வாங்க வந்த வியாபாரி உயரம் பார்ப்பான், கொம்பு பார்ப்பான், நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பான். பிடித்தால் கூட்டிக்கொண்டு போவான். கொழும்பின் வெள்ளவத்தையில் உங்களையும் இப்படித்தான் பார்ப்பார்கள். ஆனைக்குக் கிடைத்த ஒரேயொரு சலுகை உங்களுக்கில்லை. அது வாய் திறந்து பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை.

எந்த ஊர்?

வீட்டுக்காரர் முதலில் சம்பளத்தைத்தான் கேட்பார் என்று நினைத்தால் நீங்கள் இன்னும் பரந்தன் சந்தியே தாண்டவில்லை. என் முதல் நேர்முகத் தேர்வு இப்படி நடந்தது:

"தம்பி எந்த ஊர்?"

"ஆனையிறவு, அன்ரி."

"ஆனையிறவோ?" அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டா. "அங்க ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்கினம் அன்ரி. உப்பளம் இருக்கு. பக்கத்தில தட்டுவன்கொட்டி இருக்கு, உமையாள்புரம் இருக்கு."

"அதில்லை ராசா. சொந்த ஊர் எது?"

அன்ரியில் பிழையில்லை. எங்கள் ஊரின் பெயர் தெரியாத மனிதர் இந்த நாட்டில் இல்லை, ஆனால் அதை ஓர் ஊராக அறிந்தவர் யாருமில்லை. 1991 யூலை, ஓகஸ்டில் வானொலியைத் திருப்பினால் ஆனையிறவு. 2000 ஏப்பிரலில் ஆனையிறவு. 2009 ஜனவரியில் மறுபடி ஆனையிறவு. எங்கள் ஊர் விழும், பிடிபடும், மீட்கப்படும். அங்கே ஒரு பிள்ளை பிறந்து, தவழ்ந்து, ஓ.எல். எழுதி, கணக்கில் குண்டடிக்கும் என்று எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே ஊர்ப் பெயரை எப்படிச் சொல்வது என்று வீட்டிலேயே பழகிக்கொண்டு வாருங்கள். எனக்குத் தெரிந்த வழிகள் இவை.

கிளிநொச்சி என்று சொல்லலாம். அது பொய்யில்லை, மாவட்டம் அதுதான். ஆனால் முப்பது, நாற்பது வயது ஆண்பிள்ளை அந்தப் பெயரைச் சொன்னால் அன்ரியின் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். இவருக்கு 2009இல் எத்தனை வயது, அப்ப எங்க நிண்டவர், என்ன செய்தவர். வாயால் கேட்கமாட்டா. அறை ஏற்கெனவே பேசியாயிற்று என்பா.

பரந்தன் என்று சொல்லலாம். வயதான ஐயாமாரிடம் இது நன்றாக எடுபடும். அவர்களுக்குப் பரந்தன் என்றால் இரசாயனத் தொழிற்சாலை, அரசாங்க உத்தியோகம், குவாட்டஸ், பென்சன். மரியாதையான இடம். ஆபத்து என்னவென்றால், அங்கே எழுபதுகளில் வேலை செய்த ஒரு ஸ்ரோர்கீப்பரின் பெயரைச் சொல்லி, தெரியுமோ என்பார்கள். தெரியும் என்றால் அகப்படுவீர்கள், தெரியாது என்றால் நீங்கள் பரந்தன் இல்லை.

யாழ்ப்பாணம் என்று சொல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அது ஊர் இல்லை, கேள்வித்தாளின் முதல் பக்கம். யாழ்ப்பாணத்தில் எவடம், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயிலடி. மூன்றாம் கேள்வியில்தான் உண்மையான விசயம் இருக்கிறது. இந்தக் காலத்தில் படித்த மனிதர் யாரும் சாதி கேட்பதில்லை, கோயிலைத்தான் கேட்கிறார்கள். கோயிலும் அதன் மேற்குவீதியா கிழக்குவீதியா என்பதும் தெரிந்துவிட்டால் மிச்சத்தை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

சிங்கள வீட்டுக்காரரிடம் போனால் அலிமங்கட என்று சொல்லுங்கள். ஆச்சரியப்படுவீர்கள், உங்கள் ஊரை நேரில் பார்த்த முதல் வீட்டுக்காரர் அவராகத்தான் இருப்பார். யுத்தம் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள் அல்லவா, அதில் ஒன்றில் வந்திருப்பார். அங்கே போர்ச் சின்னமாக நிற்கும் உடைந்த புல்டோசருக்கு முன்னால் குடும்பத்தோடு எடுத்த படத்தை ஃபோனில் தேடிக் காட்டுவார். நல்ல வெயில் என்பார். ஆம் என்று சொல்லுங்கள். என் ஏழாவது வீடு அப்படித்தான் கிடைத்தது. இரண்டு வருசம் இருந்தேன். வாடகையை ஒருமுறைகூட உயர்த்தவில்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

விளம்பரம் வாசிக்கும் முறை

ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியின் சிறுவிளம்பரப் பக்கம் ஒரு தனி இலக்கியம். உரையாசிரியர் இல்லாமல் அதை வாசிக்கக் கூடாது.

"தனிவழி" என்றால் வீட்டுக்காரரின் குசினிக்கும் மதிலுக்கும் இடையில் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சந்து. காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கவாட்டாக நடக்கத் தெரிந்தவர்களுக்கு. "சிறு குடும்பத்துக்கு உகந்தது" என்றால் இரண்டாவது பிள்ளை பெறக்கூடாது. "அமைதியான சூழல்" என்றால் வீட்டுக்காரர் எட்டரைக்குப் படுப்பார், நீங்களும் படுக்கவேண்டும். "காலி வீதிக்கு அண்மையில்" என்பதில் அண்மை யாருடைய அண்மை என்று கேட்டறியுங்கள். "சகல வசதிகளும்" என்று போட்டிருந்தால் ஒரு மின்விசிறி உண்டு. "வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு மட்டும்" என்ற அறைகள் உண்மையில் நல்ல அறைகள், விலையும் நியாயமாக இருக்கும். ஆனால் மாலை ஆறரைக்குப் பிறகு அந்தப் பெண்களுக்கு வேலை இருக்கக்கூடாது. "சைவக் குடும்பம் விரும்பத்தக்கது" என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று உணவைப் பற்றியது.

"அனெக்ஸ்" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். ஊரில் எங்களுக்கு மால் தெரியும், பத்தி தெரியும், ஆட்டுக்கொட்டில் தெரியும். அனெக்ஸ் என்பது பத்திக்கும் கொட்டிலுக்கும் இடைப்பட்டது, வாடகை மட்டும் பெரிய வீட்டுக்கு உரியது. முன்பு கார் நின்ற இடமாக இருக்கும். சுவரில் எண்ணெய்க் கறை தெரிந்தால் பதறாதீர்கள், அது பழைய குடியிருப்பாளர் மொரிஸ் மைனருடையது.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். யுத்தத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் வன்னியில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டக் கொடுத்தது ஐந்தரை லட்சம் ரூபா. அக்கா குடும்பம் மெனிக்பாம் முகாமில் தறப்பாளுக்குள் கிடந்துவிட்டு வந்து, அந்தக் காசோடு நகையையும் அடகு வைத்து, இரண்டு அறையும் விறாந்தையுமாக ஒரு முழு வீட்டைக் கட்டி எழுப்பியது. போன வருசம் வெள்ளவத்தையில் ஒரு மொரிஸ் மைனர் அறைக்கு என்னிடம் கேட்ட ஒரு வருட முற்பணமும் கிட்டத்தட்ட அதே தொகைதான். அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை. இதய வருத்தக்காரி.

கடல் பக்கமும் தரைப் பக்கமும்

வெள்ளவத்தையின் நடுவே காலி வீதி ஓடுகிறது. அதற்கு மேற்கே கடல் பக்கம், கிழக்கே தரைப் பக்கம். இராமகிருஷ்ண வீதி போன்ற கடல் பக்க ஒழுங்கைகளில் வாடகை ஒரு படி ஏறி நிற்கும். ஏனென்று புரோக்கரைக் கேட்டேன்.

"கடற்காத்து அண்ணே, கடற்காத்து! வேற என்ன வேணும் உங்களுக்கு?"

நான் உப்பளத்தடியில் வளர்ந்தவன். எங்கள் வீட்டுச் சைக்கிள் இரண்டு வருசத்துக்கு மேல் நின்றதில்லை. செயின் உக்கும், வளையம் உக்கும், கடைசியில் மணியும் உக்கும். முற்றத்துக் கம்பிவேலியைக் கையால் தொட்டால் மாவாகக் கொட்டும். அம்மா அந்தக் காற்றைத் திட்டாத நாளில்லை. அந்தக் காற்றைத்தான் இங்கே மாசம் பத்தாயிரம் கூடுதலாக வைத்து விற்கிறார்கள். யன்னல் கிறில்லைச் சுரண்டிப் பார்த்தேன். அதே மா.

"இதுக்கு நான் ஏன் காசு குடுக்கவேணும்? எனக்கு இது ஊரில சும்மா கிடைச்சது."

"அண்ணே, அங்க கடல் இல்லையே. களப்புத்தானே."

புரோக்கர்மாருக்குப் புவியியல் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம்.

கடல் பக்கத்தில் ரயிலும் உண்டு. மரைன் டிரைவை ஒட்டிக் கரையோரப் பாதையில் மாத்தறைப் பக்கம் போவதும் வருவதுமாக இருக்கும். எங்கள் ஆனையிறவு ஸ்ரேசன் யுத்தத்தில் தரைமட்டமாகி, பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சேர்த்துக் கொடுத்த காசில் திரும்ப எழுந்தது. அங்கே ஒரு ரயில் போனால் ஆடுகூடத் தலைநிமிர்ந்து பார்க்கும். இங்கே தலைநிமிர்த்தத் தொடங்கினால் சோறு தின்ன முடியாது. மூன்று வாரத்தில் பழகிவிடும். நாலாவது வாரம் ரயில்வே ஸ்ட்ரைக் வரும், அன்றைக்குத்தான் நித்திரை வராது.

தரைப் பக்கத்தைக் கேவலமாக நினைக்காதீர்கள். ருத்ரா மாவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருந்து பத்திரிகை வாசிக்கலாம். அறைக்குள் இருக்கமுடியாத வெக்கை நாட்களில் நான் படித்த இலக்கியமெல்லாம் அப்படிப் படித்ததுதான். கால்வாயோரம் மட்டும் கவனம். வாடகை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் அறையைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் மண்ணிறக் கோடு ஒன்று ஓடினால் அது அலங்காரம் இல்லை. களனி கங்கைப் பக்கம் போகப் போக அந்தக் கோடு உயரும். 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வள்ளம் ஓடியது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்தபோது கிளிநொச்சியில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள் நாங்கள், இதற்கு அஞ்சுவோமா என்று வீரம் பேசவேண்டாம். அங்கே வெள்ளத்துக்கு வாடகை இல்லை.

பொலிஸ் படிவம்

அறை கிடைத்ததும் வீட்டுக்காரர் ஒரு படிவத்தை நீட்டுவார். வீட்டில் உள்ளவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி. பொலிஸ் கட்டளைச் சட்டம், 76ஆம் பிரிவு. 1865ஆம் ஆண்டுச் சட்டம். விக்டோரியா மகாராணி போய்விட்டா, படிவம் போகவில்லை.

இதை நிரப்பும்போது பகிடி விடாதீர்கள். நானும் இந்த இடத்தில் விடப்போவதில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடியதும் எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் கொழும்பிலேயே அகப்பட்டுக்கொண்டார்கள். பாஸ்போட், விசா, வைத்தியம், ஏஜென்சிக்காரனின் அடுத்த தவணை என்று ஆளுக்கொரு காரணம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் நாள்வாடகைக்கு இருந்தார்கள். 2007 யூன் 7 விடியப்புறம் பொலிஸார் லொட்ஜ் லொட்ஜாக ஏறி, கொழும்பில் இருக்கத் தகுந்த காரணம் இல்லை என்று 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மற்ற ஊர்களுக்கும் அனுப்பினார்கள். அவர்களில் பலரிடம் பொலிஸ் பதிவு ஒழுங்காக இருந்தது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் மனுப்போட, அடுத்த நாளே உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியது. இரண்டு நாள் கழித்துப் பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார்.

நான் அப்போது லொட்ஜில் இல்லை, மூன்றாவது வீட்டில் இருந்தேன். அன்று காலை வீட்டுக்கார அன்ரி என் கதவைத் தட்டி, என்னிடம் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டா. "தம்பி, நீர் இஞ்ச ஏன் இருக்கிறீர்?" வேலை, மாதச் சம்பளம், வங்கிப் புத்தகம் எல்லாம் காட்டினேன். அதெல்லாம் சரி என்றா. ஆனாலும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் ஒன்று என்னிடம் இருக்கவேண்டும் என்று அன்றுமுதல் ஒரு பழக்கம். கிராம சேவகரின் வதிவிடக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். இன்றைக்கும் சட்டை தோய்க்கப் போடும்போது எடுத்துவைக்கிறேன். மருமகன் சிரிக்கிறான். அவன் 2007இல் ஏழாம் வகுப்பு.

மற்ற இடங்கள், சுருக்கமாக

கொட்டாஞ்சேனை: வாடகை கொஞ்சம் இறங்கும், சாப்பாடு நன்றாக ஏறும். எல்லா மதத்துக் கோயில் மணியும் கேட்கும். ஊர் விசாரணை குறைவு, ஏனென்றால் அங்கே எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். கடற்காற்றைத் தனியாக விற்கவும் மாட்டார்கள். நான் வெள்ளவத்தையை விட்டுப் போகாதது என் மடத்தனம்.

வத்தளை, ஹெந்தளை: வீடு உண்டு. மிச்ச வாழ்க்கை பஸ்ஸில்.

இருக்கிற இடமும் ஒரு தீவாகவே வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்குக் கொழும்பு 2 இருக்கிறது. இங்கிலீசுக்காரன் அதற்கு அடிமைகளின் தீவு என்று பெயர் வைத்திருந்தான். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம், சுற்றிவர பேரை வாவித் தண்ணீர். தமிழில் நாங்கள் எப்போதும் கொம்பனித்தெரு என்றே சொல்லி வந்தோம். அண்மையில் இங்கிலீசிலும் கொம்பன்ன வீதிய என்று மாற்ற முடிவெடுத்தார்கள். பெயரிலிருந்து அடிமைகள் போனார்கள், தீவும் போனது, அதோடு அங்கே காலகாலமாகச் சின்ன வீடுகளில் இருந்தவர்களில் பலரும் போய்விட்டார்கள். அந்த இடத்தில் இப்போது கழுத்து வலிக்கும் உயரத்துக்குக் கண்ணாடிக் கட்டடங்கள். வசதி குறைந்த குடியிருப்பில் இருக்கிறார்கள் என்று நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பில் கணக்கெடுத்தது ஏறக்குறைய 68,000 குடும்பங்களை. அவர்களில் கொஞ்சப் பேருக்குத் தெமட்டகொடையிலும் முகத்துவாரத்திலும் தொடர்மாடி கிடைத்தது. லிப்ட் வேலை செய்யும் நாட்களில் போய்ப் பார்க்கலாம்.

இன்னொரு தீவு கடலுக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். துறைமுக நகரம், 269 ஹெக்டயர், 2014இல் தொடங்கி மண்ணை அள்ளிக் கொட்டி உண்டாக்கியது. வாடகை விசாரிக்கப் போனேன். வாசலில் நின்றவர் என் செருப்பைப் பார்த்தார். நடைபாதையில் நடக்கலாம், படம் எடுக்கலாம், பிறகு வீட்டுக்குப் போகலாம் என்றார். எந்த வீட்டுக்கு என்று அவர் சொல்லவில்லை. ஊரில் பொறியியலாளர் ஆறுமுகம் ஆனையிறவுக் களப்பை நன்னீர் ஏரியாக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு கொடுக்கலாம் என்று ஐம்பதுகளில் திட்டம் போட்டார். அந்தத் திட்டத்தின் முள்ளியான் வாய்க்கால் இன்னும் முடியவில்லை. கொழும்பில் கடல் நிலமாவதற்கு ஐந்து வருசம்கூடச் செல்லவில்லை.

காசும் கடுதாசியும்

புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. அவர் கதவைத் திறந்துவிட்டதற்கு. வீட்டுக்காரருக்கு ஆறு மாதமோ ஒரு வருசமோ முற்பணம். ஏன் இவ்வளவு என்று கேட்டால் 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைப் பற்றி ஒரு விரிவுரை கேட்கவேண்டி வரும். அந்தச் சட்டத்தால் குடியிருந்தவரை எழுப்பமுடியாமல் நீதிமன்றப் படியேறிக் கால் தேய்ந்த ஒரு சித்தப்பா எல்லா வீட்டுக்காரருக்கும் இருக்கிறார். உடன்படிக்கையை நொத்தாரிசிடம் எழுதுங்கள். திருத்தவேலை யாருடைய செலவு என்ற வரியை மட்டும் இரண்டுதரம் வாசியுங்கள். என் ஐந்தாவது வீட்டில் தண்ணீர்த் தாங்கி வெடித்தபோது அந்த வரியின் கருத்து எனக்கு விளங்கியது.

சொந்தக்காரர் பெரும்பாலும் இங்கே இருக்கமாட்டார். ரொறொன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். நீங்கள் கதைப்பது அவருடைய மாமியோடு. குளியலறைக் குழாய் ஒழுகினால் மாமி வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவா, அங்கே விடிந்ததும் பதில் வரும். பதில் எப்போதும் ஒன்றுதான். அடுத்த வருசம் வரேக்க பாப்பம்.

எது எடுபட்டது

இத்தனை அறிவுரையும் சொல்லி அனுப்பிய மருமகன் 2025 மே மாதம் வந்து இறங்கினான். பரந்தன் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். வெள்ளவத்தையில் தரைப் பக்கம் ஒரு மேல்மாடி அறை. வீட்டுக்கார அன்ரிக்கு எழுபது தாண்டியிருக்கும். எந்த ஊர் என்றதும் இவன் நான் சொன்னதையெல்லாம் மறந்து, ஆனையிறவு என்று விட்டான்.

நான் பின்னால் நின்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆனையிறவோ?" என்றா அன்ரி. "உப்பு வருமோ?"

அந்த மாதங்களில் நாடு முழுக்க உப்புத் தட்டுப்பாடு. மழையால் அம்பாந்தோட்டையிலும் புத்தளத்திலும் விளைச்சல் படுத்துவிட்டது. வெள்ளவத்தைக் கடைகளில் உப்பைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்து, தெரிந்த முகத்துக்கு மட்டும் ஒரு பக்கற் கொடுத்தார்கள். நான் இருபத்திரண்டு வருசமாக ஒளித்து வைத்த ஊர்ப் பெயருக்கு ஒரேயடியாக விலை ஏறிவிட்டது எனக்குத் தெரியாமல் போயிற்று.

"வரும் அன்ரி. எத்தினை கிலோ வேணும்?"

"அஞ்சு கிலோவெண்டாலும் கொண்டு வாரும் தம்பி. அட்வான்ஸ் மூண்டு மாசம் காணும். இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

மூன்று மாதம்! பதினொரு வீட்டில் எனக்குக் கிடைக்காத சொல். தேத்தண்ணியும்.

அடுத்த கிழமை ஊரிலிருந்து வந்த ஆளிடம் சொல்லி உப்பளத்தடியில் வாங்கி அனுப்பச் செய்தோம். அன்று இரவே மருமகன் ஃபோன் எடுத்தான்.

"மாமா, ஒரு சிக்கல். அன்ரி பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறா."

விசயம் இதுதான். அந்த வருசம் மார்ச்சில் ஆனையிறவில் மேசையுப்பு ஆலையைத் திறந்தவர்கள் உப்புக்கு 'ரஜ' என்று சிங்களத்தில் பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பி, ஆனையிறவு உப்பு என்றே மாற்றுவதாகச் சொல்லியிருந்தார்கள். இவனுக்கு வந்து சேர்ந்தது பழைய பக்கற்.

"என்னவாம்?"

"இது ஆனையிறவு உப்பு மாதிரித் தெரியேல்லையாம். சொந்த இடம் எதெண்டு கேக்கிறா."

மேசை லாச்சியில் என் கடிதத்தின் மூன்றாவது பிரதி கிடந்தது. கிராம சேவகரின் ஃபோன் இலக்கம் அதில்தான் இருக்கிறது. அதைப் பார்த்து மருமகனுக்குச் சொன்னேன். உப்புக்கும் ஒரு வதிவிடக் கடிதம் எடுக்கலாமோ என்று கேட்கட்டும்.